முண்டு மிளகாய்க்கு வீட்டிலேயே விதை எடுத்தல்: மகரந்தக் காப்பும் செடித் தேர்வும்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நீளும் ராமநாதபுரம் கடற்கரையோர ஊர்களில், வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ மிளகாய் வளர்ப்பவர்கள் விதைக்காகப் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். வத்தல் டப்பாவைத் திறந்து, அதில் நல்ல உருண்டையாகவும் நல்ல நிறமாகவும் இருக்கும் இரண்டு பழங்களை எடுத்து, உதிர்த்து, தொட்டியில் தூவிவிடுவார்கள். முளைக்கும், காய்க்கும், குறை ஒன்றும் தெரியாது. இப்படியே சில பட்டங்கள் கடந்த பிறகு செடிக்குச் செடி வேறுபாடு எட்டிப்பார்க்கத் தொடங்கும். ஒரு செடி சம்பா மிளகாயைப் போல நீண்டு காய்க்கும், இன்னொன்றில் காய் வானத்தைப் பார்த்து நிற்கும், மற்றொன்றின் பழம் காய்ந்ததும் தோல் மெலிந்து நொறுங்கும். விதை கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, அடுத்த முறை கடைப் பாக்கெட்டை வாங்கிவிடுகிறோம். உண்மையில் அந்த விதை முளைக்கும் திறனில் எந்தக் குறையும் இல்லாத நல்ல விதைதான். அது பூவாக இருந்தபோதே வேறொரு செடியின் மகரந்தம் அதில் கலந்துவிட்டது, அவ்வளவே.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டு மிளகாய் என்றும் அழைக்கப்படும் இந்த ரகம் உருண்டை வடிவம், தடித்த பளபளப்பான தோல், அடர்ந்த சிவப்பு ஆகியவற்றால் அறியப்படுவது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பித் தலைமுறை தலைமுறையாக இதைப் பயிரிட்டு வருகிறார்கள். புவிசார் குறியீடு அந்தப் பெயரைத்தான் காக்கும். பெயருக்கு உரிய உருண்டையையும் தோலையும் நிறத்தையும் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வது விதையை எடுத்து வைப்பவரின் கை. ஆகவே இந்த வேலையை ஒரு பொழுதுபோக்காக மட்டும் கருத என்னால் முடியவில்லை. பத்துத் தொட்டி வைத்திருப்பவரும் இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதால்தான், அதன் அடிப்படையைத் தொடக்க நிலையிலிருந்து விளக்க விரும்புகிறேன்.

பூவில் நடப்பது

தாவரங்கள் விதை உண்டாக்கும் முறை எல்லாவற்றிலும் ஒன்றல்ல. இந்த மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண்பனை எவ்வளவு வளர்ந்தாலும் நுங்கு தராது, பெண்பனைக்கு வேறொரு மரத்தின் மகரந்தம் வந்தே தீர வேண்டும். பூசணியில் ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாகப் பூக்கும். மிளகாயில் ஒவ்வொரு பூவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. எனவே ஒரு மிளகாய்ச் செடி தன் மகரந்தத்தைக் கொண்டே தனக்கு விதை உண்டாக்கிக்கொள்ள முடியும், இதைத் தன்மகரந்தச் சேர்க்கை என்கிறோம்.

முடியும் என்பதால் எப்போதும் அப்படியே நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காலையில் புதிதாக விரிந்த ஒரு மிளகாய்ப் பூவைத் தலைகீழாகத் திருப்பி, கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஐந்தாறு மகரந்தப் பைகள் நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் வட்டமாக நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய தண்டு வெளியே வரும், அதன் நுனியில் பசபசப்பான சிறு தலை ஒன்று இருக்கும். அதுதான் சூலகமுடி. பல செடிகளில் இந்தத் தண்டு மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பூ விரிந்த உடனேயே பைகள் வெடிப்பதில்லை. அதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில் வேறு செடியில் புரண்டுவிட்டு வரும் ஒரு கொசுத்தேனீயோ எறும்போ நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலையை உரசிவிட்டால், விதையின் தந்தை வேறு செடியாகிவிடுகிறது. இப்படி நிகழ்வது செடியின் ரகத்தையும், பூச்சிகளின் நடமாட்டத்தையும், பக்கத்தில் என்ன பூத்திருக்கிறது என்பதையும் பொறுத்து மிகவும் கூடலாம், குறையலாம். அதனால்தான் விதையியலில் மிளகாயைத் தன்மகரந்தப் பயிர் என்று நம்பி விட்டுவிடாமல், அடிக்கடி அயல் மகரந்தம் ஏற்கும் பயிராகக் கொள்கிறார்கள்.

இங்கே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. குடைமிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் முண்டு மிளகாய் வைத்தால் அந்த ஆண்டே குடைமிளகாய் காரமாகிவிடும் என்று சொல்வார்கள். அது நடக்காது. காயின் சதை, தோல், காரத்தை உண்டாக்கும் உள்நரம்பு ஆகிய எல்லாமே தாய்ச் செடியின் உடல்தான். வெளியிலிருந்து வந்த மகரந்தத்தின் மரபு விதைக்குள் மட்டுமே போகிறது. ஆகையால் கலப்பு நடந்த ஆண்டில் காயைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க இயலாது. அந்த விதையை விதைத்து, வரும் செடி காய்க்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். காரம் உள்ள தன்மை காரமற்ற தன்மையை அடக்கி மேலோங்குவது என்பதால், குடைமிளகாய் விதையில் முண்டின் மகரந்தம் கலந்திருந்தால் அடுத்த தலைமுறைக் காய் உறைக்கும். வத்தல் டப்பாவிலிருந்து அழகான பழத்தை எடுப்பதில் உள்ள குறையும் இதுவே. அந்தப் பழத்தின் அழகு தாயைப் பற்றிச் சொல்கிறது, விதையின் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

மகரந்தத்தைக் காத்தல்

இந்தியாவின் விதைச் சான்றளிப்பு விதிகளின்படி, மிளகாயில் ஆதார விதை (சான்று விதையைப் பெருக்குவதற்கான மூல விதை) எடுக்கும் வயலுக்கும் வேறு ரக மிளகாய் நிற்கும் வயலுக்கும் இடையே 400 மீட்டரும், உழவருக்கு விற்கப்படும் சான்று விதைக்கு 200 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு மிளகாய் நிற்கும்போது இந்த இடைவெளி கிடைப்பது அரிது. அதற்கு எளிய மாற்று, பூவுக்குப் பூச்சி போகாமல் மூடுவது. பழைய கொசுவலையையோ மெல்லிய மல் துணியையோ பைபோலத் தைத்து, மொட்டு விரிவதற்கு முன் ஒரு கிளையின் மேல் கவிழ்த்து, அடியில் நூலால் இறுகக் கட்டிவிட வேண்டும். மூடுவதற்கு முன் அந்தக் கிளையில் ஏற்கெனவே விரிந்த பூவும் பிடித்த பிஞ்சும் இருந்தால் கிள்ளிவிடுங்கள், அவற்றின் பிறப்பு நமக்குத் தெரியாது. பைக்குள் காற்றும் பூச்சியும் இல்லாததால் மகரந்தம் தானாக உதிர்வது குறையும். ஆகவே தினமும் முற்பகலில் கிளையை விரலால் இரண்டு மூன்று முறை மெல்லத் தட்டிவிட வேண்டும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் மட்டும் ஒரு வண்ண நூலைக் கட்டிவையுங்கள். பழம் சிவக்க ஒன்றரை மாதத்துக்கும் மேல் ஆகும், அதற்குள் எந்தக் காய் விதைக்கானது என்பது கட்டாயம் மறந்துபோகும், சமையலுக்குப் பறிப்பவர் கையில் அதுவும் போய்விடும்.

கடற்கரையில் கொண்டல் காற்று வலுக்கும் நாள்களில் பெரிய பை கிளையை ஒடித்துவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிறிய பைகளாகப் பல கிளைகளில் கட்டுவதும், பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் தாங்கல் கொடுப்பதும் நல்லது.

என்னைக் கேட்டால், பையைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அக்கம்பக்கத்து வீட்டாரெல்லாம் பேசிக்கொண்டு, அந்தத் தெருவில் அந்தப் பட்டத்துக்கு முண்டு மிளகாய் ஒன்றையே வளர்ப்பது. அப்போது தேனீ எங்கிருந்து எங்கே போனாலும் முண்டின் மகரந்தம் முண்டுக்கே போகிறது. ஒரே ரகத்துக்குள் செடிக்குச் செடி நடக்கும் கலப்பு கேடு செய்வதில்லை, ரகத்துக்குள் இருக்கும் பல்வகைத் தன்மையை அது காக்கவும் செய்கிறது.

செடியைத் தேர்வது

விதை எடுத்தலின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். மகரந்தக் காப்பு ரகம் கலையாமல் நிறுத்துகிறது, தேர்வுதான் அதை மேலே கொண்டுபோகிறது. தேர்வு என்றால் என்ன? தோட்டத்திலுள்ள செடிகளில் நமக்கு வேண்டிய குணம் உள்ளவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தாயாக்குவது. கேட்க எளிதாக இருக்கும் இதில் ஒரு பெரிய பொறி உண்டு.

ஒரு செடி நன்றாகக் காய்ப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதன் மரபு நல்லதாக இருக்கலாம், அல்லது அது நின்ற இடம் நல்லதாக இருக்கலாம். குளியலறைத் தண்ணீர் வடியும் ஓரத்தில் நிற்கும் செடி மற்றவற்றைவிட இரண்டு மடங்கு காய்க்கிறது என்றால், அந்தப் பெருமை தண்ணீருக்கு உரியதாக இருக்கலாம். அதன் விதையை எடுத்து வறண்ட மூலையில் விதைத்தால் அந்தப் பெருமை அதோடு சேர்ந்து வராது. டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-ல் வெளியிட்ட அவரை ஆய்வு இதைத்தான் காட்டியது. தலைமுறைகளாகத் தன்மகரந்தத்தால் மட்டுமே வந்த ஒரே செடி வழியில், பெரிய விதையாகத் தேர்ந்து விதைத்தாலும் சிறிய விதையாகத் தேர்ந்து விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி அளவு ஒன்றாகவே இருந்தது. அந்த வழிக்குள் காணப்பட்ட வேறுபாடு முழுவதும் மண்ணும் நீரும் இடமும் தந்தது, மரபு தந்ததன்று. மரபில் வேறுபாடு உள்ள இடத்தில் மட்டுமே தேர்வு வேலை செய்கிறது.

அப்படியானால் மரபையும் இடத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இதற்கு அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மக்காச்சோளத்தில் பணியாற்றிய கார்ட்னர் என்பவர் 1961-ல் வெளியிட்ட வழிமுறை வீட்டுத் தோட்டத்துக்கும் அழகாகப் பொருந்துகிறது. அவர் வயல் முழுவதிலும் உள்ள சிறந்த செடிகளைத் தேடவில்லை. வயலைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிறந்த செடிகளைத் தேர்ந்தார். ஒரே கட்டத்துக்குள் மண்ணும் நீரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், அங்கே முந்தி நிற்கும் செடி மரபினால் முந்தியிருக்க வாய்ப்பு கூடுதல். நம் கொல்லையில் கிணற்றோரம் ஒரு கட்டம், வேப்பமர நிழல் விழும் பக்கம் ஒரு கட்டம், கடற்காற்று நேராக அடிக்கும் வேலியோரம் ஒரு கட்டம் என்று மனத்துக்குள் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சிறந்த ஒரு செடியையோ இரண்டு செடிகளையோ தாயாகக் குறித்துவைத்தால் போதும். வேலியோரச் செடி கிணற்றோரச் செடியைவிடக் குறைவாகக் காய்த்திருந்தாலும் அதை ஒதுக்கிவிடக் கூடாது. உப்புக்காற்றையும் சற்று உவர்த்த கிணற்று நீரையும் தாங்கி, பக்கத்துச் செடிகளெல்லாம் இலை நுனி கருகி நிற்கும்போது தளிர்விடும் ஒரு செடியின் விதை, இந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு எந்தப் பாக்கெட்டையும்விட மதிப்புள்ளதாகலாம். மிளகாய் உவர்ப்பை எளிதில் தாங்கும் பயிர் இல்லை என்பதால் இந்தக் குணத்துக்கு நான் மிகுந்த முக்கியத்துவம் தருவேன்.

எந்தக் குணங்களைப் பார்ப்பது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அவற்றைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு குணங்களை ஒரே நேரத்தில் துரத்தினால் ஒன்றிலும் முன்னேற்றம் தெரியாது. உருண்டை வடிவமும் தடித்த தோலும் முண்டுக்கு அடிப்படை, அவற்றை விட்டுக்கொடுக்க இயலாது. அவற்றோடு இலைச்சுருட்டு நோய் வராமை, உவர்ப்பைத் தாங்குதல் என்று ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளலாம். தேர்வுக்கு நேர் எதிரான வேலையும் உண்டு, அது கலவன் அகற்றல். நீண்ட காய் பிடிக்கும் செடி, காய் மேல்நோக்கி நிற்கும் செடி, நோய் பிடித்த செடி ஆகியவற்றை, மற்றச் செடிகளில் விதைக்கான பூ விரிவதற்கு முன்பே அப்புறப்படுத்த வேண்டும். காய்க்கிறதே என்று இரக்கப்பட்டு வைத்திருந்தால் அதன் மகரந்தம் எல்லா இடத்துக்கும் போய்விடும். மனம் கேட்காவிட்டால் தொட்டியோடு தூக்கி வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம்.

சிறந்த ஒரே ஒரு செடியிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் விதை எடுப்பதும் தவறான வழிதான். அப்படிச் செய்தால் சில தலைமுறைகளில் ரகம் குறுகி, அந்த ஒரு செடியிடம் இல்லாத நல்ல குணங்களெல்லாம் நம் கைவிட்டுப் போய்விடும். பத்து இருபது தாய்ச் செடிகளின் விதையைச் சம அளவில் கலந்து வைப்பது பாதுகாப்பு. ஒரு வீட்டில் அவ்வளவு இடம் இல்லையென்றால் நான்கு வீடுகள் சேர்ந்து, ஆளுக்கு ஐந்து செடி வளர்த்து விதையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

புதிதாக ஒன்றை உருவாக்க

இருப்பதைக் காப்பதோடு நிற்காமல், இரண்டு ரகங்களின் குணங்களை ஒன்றுசேர்க்க விரும்புபவர்கள் கையால் கலப்பு செய்யலாம். அடுத்த நாள் காலை விரியப்போகும் பருத்த வெள்ளை மொட்டைத் தாய்ச் செடியில் மாலையில் தேர்ந்து, கூரிய இடுக்கியால் இதழை விலக்கி, வெடிக்காத மகரந்தப் பைகளை நடுத் தண்டுக்குக் காயம் படாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். மொட்டைச் சிறு உறையால் மூடி, மறுநாள் முற்பகலில் தந்தைச் செடியின் விரிந்த பூவைக் கொண்டுவந்து அதன் மகரந்தத்தைச் சூலகமுடியில் தடவி, மீண்டும் மூடிவிட வேண்டும். காம்பில் இரண்டு பெற்றோரின் பெயரையும் தேதியையும் எழுதிய சீட்டைக் கட்டுவது மிக முக்கியம். முயன்ற பூக்களில் பல உதிர்ந்துவிடும், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டியதில்லை.

இப்படிக் கிடைக்கும் முதல் தலைமுறைச் செடிகள், பெற்றோர் இருவரும் இனத்தூய்மை உள்ளவர்களாக, அதாவது தன்மகரந்தத்தில் தலைமுறைதோறும் குணம் மாறாமல் வருபவர்களாக இருந்தால், ஒன்றைப்போலவே மற்றொன்றும் இருக்கும். கடைப் பாக்கெட்டில் எஃப்1 என்று அச்சிடுவது இந்த முதல் தலைமுறையைத்தான். அதிலிருந்து எடுத்த விதை முளைக்காது என்று சிலர் சொல்வது சரியன்று. நன்றாகவே முளைக்கும். ஆனால் இரண்டாம் தலைமுறையில் குணங்கள் பிரிந்து சிதறும். மெண்டல் 1866-ல் பட்டாணியைக் கொண்டு விளக்கியது இதையே. மிளகாயில் காய் கீழ்நோக்கித் தொங்கும் தன்மை மேல்நோக்கி நிற்கும் தன்மையை அடக்குவது. இரண்டையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் தொங்கும், இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி மேல்நோக்கிக் காய்க்கும். தோட்டத்தில் திடீரென்று வானம் பார்த்த காய் தோன்றுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். வடிவமோ பல மரபணுக்களால் தீர்மானிக்கப்படுவது. சம்பாவையும் முண்டையும் கலந்தால் நீளத்துக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட எல்லா வடிவங்களும் வரும். வேண்டிய செடியைத் தேர்ந்து, பையிட்டுத் தன்மகரந்தம் செய்து, தலைமுறைதோறும் இதைத் தொடர்ந்தால் கலப்புத்தன்மை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். ஆறு ஏழு தலைமுறைகளில் அது நிலைபெற்ற வழியாகிவிடும். ஆண்டுக்கு ஒரு பட்டம் என்றால் அத்தனை ஆண்டுகள். பொறுமை உள்ளவர்கள் மட்டும் இதில் இறங்கலாம்.

பழத்திலிருந்து டப்பா வரை

விதைக்கான பழம் செடியிலேயே முழுவதும் சிவந்திருக்க வேண்டும். பறித்த பிறகும் சில நாள்கள் நிழலில் வைத்தால் விதை மேலும் முதிரும். தோலில் கருமையான அமுங்கிய புள்ளி உள்ள பழத்தை விதைக்கு எடுக்கவே கூடாது, அது பழ அழுகல் நோயின் அடையாளம், அந்தப் பூஞ்சை விதை வழியாக அடுத்த பயிருக்கும் போகும். உதிர்க்கும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

உலர்த்துவதில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே காற்றில் ஈரம் மிகுதி. பகலில் உலர்ந்த விதை இரவில் திறந்த தட்டில் கிடந்தால் ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். நிழலில் இரண்டு நாள், பிறகு காலை இளவெயிலிலும் மாலை வெயிலிலும் சில நாள் என்று காயவைத்து, ஒவ்வொரு மாலையும் மூடியுள்ள பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். நடுப்பகலில் கொதிக்கும் மாடித் தளத்தில் ஈர விதையைப் பரப்பினால் கரு வெந்துவிடும். ஒரு விதையை எடுத்து விரல் நகங்களுக்கிடையே மடித்துப் பாருங்கள். ரப்பரைப் போல வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மெல்லிய சத்தத்தோடு படக்கென்று முறிந்தால் சேமிக்கலாம். சான்று விதைக்கான விதி மிளகாயில் ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது, காற்றுப் புகாத கலத்தில் அடைத்தால் 6 விழுக்காடுதான் வரம்பு. விதையின் ஈரத்தில் 1 விழுக்காடு குறைந்தாலோ, சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 பாகை செல்சியஸ் குறைந்தாலோ விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த விதி. இறுக மூடும் கண்ணாடிச் சீசாவின் அடியில், வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்து, அதன்மேல் விதை உறைகளை அடுக்குங்கள். அரிசி எஞ்சிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சீசாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்ததும் திறந்துவிடாமல், அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் நம் காற்றின் ஈரம் குளிர்ந்த விதையின்மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும்.

இப்படி எடுத்த விதையைப் பிறருக்குத் தருவதில் சட்டத் தடை உண்டா என்ற கேள்வி எழலாம். 2001-ஆம் ஆண்டின் தாவர ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், பகிரவும், விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையை ஏற்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதற்கு மட்டும் அனுமதி இல்லை.

புரட்டாசியில் நாற்று விடுவதற்கு மூன்று வாரம் முன்பே ஐம்பது விதையை எண்ணி, ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி, வீட்டின் வெதுவெதுப்பான மூலையில் வைத்து, துணி உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் ஒரு முறையும் பதினான்காம் நாள் ஒரு முறையும் முளைத்ததை எண்ண வேண்டும். சான்று விதைக்குக் குறைந்த அளவு 60 விழுக்காடு, அதாவது ஐம்பதில் முப்பது. அதற்குக் கீழே இருந்தால் விதையைக் கூடுதலாகத் தூவலாம், பத்துப் பதினைந்துதான் முளைத்தது என்றால் அந்தச் சீசாவை விட்டுவிட்டு, போன ஆண்டு விதை பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி விதைக்கலாம்.